சம்மர் டெர்ம்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கப் போறீங்களா? கிருஷ்ணகிரி, தர்மபுரி பசங்களுக்கு ஒரு வழிகாட்டி

மே மாசம் வந்தா காலேஜே காலியா இருக்கும். கிளாஸ் ரெப்புக்குப் போன் போட்டா எடுக்க மாட்டான், சீனியர்ஸ் எல்லாம் ஊருக்குப் போயிருப்பாங்க, ஆபீஸ்ல பாதி சேர்ல ஆள் இருக்காது. அந்த நேரம் பார்த்து தான் சம்மர் டெர்ம், அதாவது ஒரு செமஸ்டர் கோர்ஸைக் கோடை லீவுல ஆறு வாரத்துல நடத்தி முடிக்கறதை, ஆரம்பிப்பாங்க. எங்க போய் என்ன ஃபார்ம் குடுக்கணும், யார் கையெழுத்து போடணும், ராத்திரி எங்க தூங்கணும்னு சொல்றதுக்கு ஒரு ஆள் கிடைக்காது. நான் கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு ஆட்டனாமஸ் (பாடத்திட்டம், பரீட்சையைத் தானே நடத்திக்கற) இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சேன், சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். இந்த சம்மர் டெர்ம் விஷயத்துல அலைஞ்சு அலைஞ்சு கத்துக்கிட்டதை எல்லாம் இங்க வரிசையா எழுதிடறேன், அடுத்து வர்றவங்களாவது அலையாம இருக்கட்டும்.

எல்லா காலேஜ்லயும் சம்மர் டெர்ம் கிடையாது, ஆட்டனாமஸ்ல கூட சிலதுல தான் நடத்தறாங்க, ஒவ்வொண்ணுக்கும் ரெகுலேஷன் வேற வேற. அதனால நான் சொல்ற நம்பரை அப்படியே எடுத்துக்காம உங்க காலேஜ் சர்க்குலர்ல ஒரு தடவை பார்த்துக்கோங்க. ஆனா வேலை நடக்கற வரிசை எங்க போனாலும் ஏறக்குறைய இதேதான்.

ஒண்ணே ஒண்ணை மட்டும் முதல்லயே மண்டையில ஏத்திக்கோங்க. கிளாசுக்குப் பேர் குடுக்கறது ஒரு வேலை, ரூம் வாங்கறது வேற வேலை. அகடமிக் செக்‌ஷனும் ஹாஸ்டல் ஆபீசும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்க. கிளாஸ் ஃபீஸ் கட்டிட்டோம், ரூம் தானா வந்துடும்னு நெனச்சுட்டு பெட்டியோட வந்து நிக்கறவங்க வருஷா வருஷம் இருக்காங்க, வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டாரு, அவரைச் சொல்லியும் குத்தமில்ல, அவர் கைல இருக்கற லிஸ்ட்ல உங்க பேர் இல்ல அவ்ளோதான்.

1. முதல்ல உங்களுக்கு இது தேவையான்னு பாருங்க

கிரேடு ஷீட்டை எடுத்து வெச்சுக்கோங்க. அண்ணா யூனிவர்சிட்டி 2021 ரெகுலேஷனை ஒட்டி நடக்கற காலேஜ்னா ஃபெயில் ஆன பேப்பருக்கு நேரா 'யு' இருக்கும், அட்டெண்டென்ஸ் பத்தாம பரீட்சையே எழுத விடலைன்னா 'எஸ்.ஏ' இருக்கும். ரெண்டையும் எல்லாரும் பொதுவா அரியர்னு தான் சொல்றோம், ஆனா ரெண்டும் ஒண்ணு கிடையாது. 'யு'ன்னா அடுத்த தடவை பரீட்சை மட்டும் எழுதினா போதும், கிளாசுக்குப் போகணும்னு கட்டாயம் இல்ல. 'எஸ்.ஏ'ன்னா அந்தக் கோர்ஸை முதல்ல இருந்து ரீடூ பண்ணணும், அதாவது திரும்ப கிளாஸ்ல உக்காரணும், இன்டெர்னல் எழுதணும், அட்டெண்டென்ஸ் வாங்கணும். இந்த ரீடூ கேசுக்குத் தான் சம்மர் டெர்ம் உண்மையிலேயே வரப்பிரசாதம், இல்லைன்னா அந்தக் கோர்ஸ் மறுபடி எப்ப நடத்துவாங்களோ அதுவரைக்கும் ஒரு வருஷம் காத்துக் கெடக்கணும்.

வெறும் 'யு' ஒண்ணு ரெண்டு வெச்சிருக்கறவங்க, வீட்ல உக்காந்து படிச்சே எழுதிடலாம்னு நம்பிக்கை இருந்தா, சம்மர் டெர்முக்கு வராதீங்க. பணமும் வெயிலும் தான் மிச்சம். கணக்கு பேப்பர் மாதிரி யாராவது போர்டுல போட்டுக் காட்டினா தான் ஏறும்ங்கறவங்க வரலாம், அதுல தப்பில்ல.

இன்னொரு கூட்டம் இருக்கு, அடுத்த செமஸ்டர் எலெக்டிவ்வை இப்பவே முடிச்சுட்டு கடைசி வருஷம் ப்ராஜெக்ட்டுக்கும் ப்ளேஸ்மென்ட்டுக்கும் ஃப்ரீயா இருக்கலாம்னு வர்றவங்க. நல்ல ப்ளான் தான், ஆனா அதே மே, ஜூன்ல தான் ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனிகள்ல இன்டர்ன்ஷிப்பும் கிடைக்கும். ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்ட முடியாது, காலையில ஷிஃப்ட் மத்தியானம் கிளாஸ்னு சொல்றவங்களை நம்பாதீங்க, அட்டெண்டென்ஸ் கணக்கு கீழ இருக்கு, பார்த்தா உங்களுக்கே புரியும். டெர்ம் முடிஞ்சு அடுத்த செமஸ்டர் திறக்கறதுக்கு நடுவுல ரெண்டு மூணு வாரம் கிடைச்சா அதுல ஒரு சின்ன இன்டர்ன்ஷிப் போட்டுக்கலாம்.

2. சர்க்குலர் வந்த அன்னைக்கே கையெழுத்து வாங்குங்க

எண்ட் செமஸ்டர் பரீட்சை நடந்துட்டு இருக்கறப்பவே சர்க்குலர் ஒட்டிடுவாங்க. எல்லாரும் பரீட்சை டென்ஷன்ல அதைப் பார்க்க மாட்டோம், பார்த்தாலும் முடிஞ்சதும் பார்த்துக்கலாம்னு விட்டுடுவோம். பரீட்சை முடிஞ்ச மறுநாள் என்ன ஆகும்னா வாத்தியாருங்க எல்லாம் பேப்பர் வேல்யுவேஷனுக்குக் கிளம்பிடுவாங்க, சிலர் லீவு போட்டுடுவாங்க, ஹெச்.ஓ.டி. எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியாது. ஃபார்ம்ல மூணு கையெழுத்து வேணும்: ஃபேகல்டி அட்வைசர், ஹெச்.ஓ.டி., அப்புறம் அகடமிக் செக்‌ஷன் இல்லைன்னா சி.ஓ.இ. ஆபீஸ் (பரீட்சை கன்ட்ரோலர் ஆபீஸ்). முதல் ரெண்டையும் கடைசி பரீட்சை எழுதறதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க. பரீட்சை ஹாலுக்கு வெளிய நிக்கற நேரத்துல போய் நீட்டினாக்கூட போட்டுக் குடுத்துடுவாங்க, அந்த நேரத்துல அவங்களும் டிபார்ட்மென்ட்ல தான் இருப்பாங்க.

கையெழுத்து வாங்கறப்பவே இந்த மூணு கேள்வியும் கேட்டுடுங்க.

இந்தக் கோர்ஸ் கண்டிப்பா நடக்குமா? ஏன்னா குறைஞ்சது இத்தனை பேர் சேர்ந்தா தான் நடத்துவோம்னு ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க, அது சேரலைன்னா கோர்ஸ் கேன்சல். உங்களை மாதிரியே அந்தப் பேப்பருக்கு யார் யார் இருக்காங்கன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டு ஆள் சேருங்க, பக்கத்து டிபார்ட்மென்ட்லயும் கேளுங்க, ஒரே கோர்ஸ் கோடு இருந்தா சேர்த்து நடத்துவாங்க.

கேன்சல் ஆனா பணம் திரும்ப வருமா, இல்ல அடுத்த செமஸ்டர் ஃபீஸ்ல கழிப்பாங்களா?

லேப் உண்டா? லேப் கோர்ஸ் பெரும்பாலும் சம்மர்ல வெக்க மாட்டாங்க, மெயின்டனன்ஸ், ஆள் இல்லைன்னு சொல்லிடுவாங்க. தியரியும் லேபும் சேர்ந்த கோர்ஸ்னா கண்டிப்பா கேட்டுக்கோங்க.

வாயால சொன்ன பதில் பின்னாடி நிக்காதுங்கறதை மறந்துடாதீங்க. 'சரிம்மா பார்த்துக்கலாம்'னு சொன்னவரே ஜூன்ல 'நான் எப்ப சொன்னேன்'னு கேப்பாரு. ஃபார்ம்லயே ஓரத்துல ஒரு வரி எழுதி இனிஷியல் போடச் சொல்லுங்க, முடியலைன்னா ஒரு மெயிலாவது அனுப்பி வெச்சுக்கோங்க.

3. எத்தனை பேப்பர் எடுக்கறதுன்னு கணக்குப் போட்டுட்டு எடுங்க

மூணு கிரெடிட் தியரி பேப்பர்னா 45 பீரியட். ரெகுலர் செமஸ்டர்ல வாரத்துக்கு 3 பீரியட் வீதம் 15 வாரம் ஓடும். அதையே சம்மர்ல ஆறு வாரத்துல முடிக்கணும்னா வாரத்துக்கு ஏழரை பீரியட் வருது. ரெண்டு பேப்பர் எடுத்தா வாரம் 15 பீரியட், மூணு எடுத்தா 22க்கு மேல. கேக்கறதுக்கு 'அவ்ளோதானா'ன்னு தோணும். கிளாஸ் மட்டும்னா ஒண்ணும் இல்ல தான், ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு இன்டெர்னல் வரும், நடுவுல அசைன்மென்ட், ஒரு யூனிட் ஒரு வாரத்துலயே பறந்துடும். திங்கக்கிழமை புரியாததை வெள்ளிக்கிழமை கேக்கலாம்னு விட்டா அதுக்குள்ள அடுத்த யூனிட் பாதி ஓடியிருக்கும்.

என்னைக் கேட்டா ரெண்டு பேப்பர் தான் சரி. அதுலயும் ரெண்டும் கணக்கு போடற பேப்பரா இருக்கக் கூடாது. ஒண்ணு கணக்கு, ஒண்ணு படிக்கற பேப்பர்னு கலந்து எடுங்க. மூணுக்கு பர்மிஷன் குடுத்தாலும் 'எடுத்து வெப்போம், பார்த்துக்கலாம்'னு எடுக்காதீங்க, கட்டின பணம் போறது மட்டும் இல்ல, நல்லா வந்திருக்க வேண்டிய ரெண்டு பேப்பரும் அதுல அடிபடும்.

தியரிக்கு இன்டெர்னல் 40, எக்ஸ்டெர்னல் 60ன்னு இருந்தா, முதல் இன்டெர்னல் ரெண்டாவது வாரமே வந்துடும்ங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. முதல் வாரம் தான் செட்டில் ஆகற வாரம்னு நெனச்சீங்கன்னா அங்கயே அந்த 40ல ஒரு பங்கு கரைஞ்சிருக்கும்.

4. ஹாஸ்டல் ஃபார்ம் தனி, அது தான் பெரிய தலைவலி

இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா எல்லாரும் மாட்டறது இங்க தான்.

பரீட்சை முடிஞ்சதும் ஹாஸ்டலை மூடுவாங்க. ரூமைக் காலி பண்ணி சாவியைக் குடுத்துட்டுப் போகச் சொல்லுவாங்க. சம்மர் டெர்ம் ஆரம்பிக்கறதுக்கு நடுவுல ஒரு வாரமோ பத்து நாளோ இடைவெளி இருக்கும். அந்த இடைவெளில யாரையும் தங்க விட மாட்டாங்க, மெஸ்ஸும் ஓடாது. அதனால அந்த நாளுக்கு வீட்டுக்குப் போற மாதிரி ப்ளான் பண்ணிக்கோங்க. வீடு தூரமா இருக்கறவங்க, வடமாநிலப் பசங்க எல்லாம் வார்டன் கிட்ட முன்கூட்டியே லெட்டர் குடுத்துடுங்க, சில சமயம் விடுவாங்க, நம்பி இருக்க முடியாது.

பெட்டி படுக்கையை என்ன பண்றது? பழைய ரூம்லயே விட்டுட்டுப் போகலாம்னு பார்க்காதீங்க. சம்மர்ல ஆள் கம்மி, அதனால எல்லா பிளாக்கையும் மூடிட்டு ஒரே பிளாக்ல எல்லாரையும் போடுவாங்க, மத்த பிளாக்ல பெயின்ட், பிளம்பிங், ஒயரிங் வேலை நடக்கும். உங்க பழைய ரூம் உங்களுக்கு கிடைக்கறதுக்கு வாய்ப்பே இல்லைன்னு வெச்சுக்கோங்க. பொதுவா ஒரு லக்கேஜ் ரூம் குடுப்பாங்க, பெட்டி மேல பேர், ரெஜிஸ்டர் நம்பர், போன் நம்பர் எழுதி ஒட்டிட்டு, ரிஜிஸ்டர்ல என்ட்ரி போட்டு, அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. லேப்டாப், சர்ட்டிபிகேட் ஒரிஜினல் மட்டும் எக்காரணம் கொண்டும் அங்க வெக்காதீங்க.

ஃபார்மோட என்னென்ன வெக்கணும்னா:

சம்மர் டெர்ம் ஃபீஸ் கட்டின ரசீது. இது இல்லாம ஹாஸ்டல் ஃபார்மை வாங்கவே மாட்டாங்க. ஆனா சில இடத்துல அகடமிக் செக்‌ஷன் ஆளு 'ஹாஸ்டல்ல இருக்கியா டே ஸ்காலரா, முதல்ல அதை எழுதி வாங்கிட்டு வா'ம்பாரு. அங்க போனா இங்க, இங்க போனா அங்க. இப்படி மாட்டினா ஃபீஸை ஆன்லைன்ல கட்டிட்டு ரசீதைக் காட்டி முதல்ல ஹாஸ்டல் சீட்டை வாங்குங்க, பணம் கட்டின பேப்பருக்கு எந்த ஆபீஸ்லயும் மரியாதை தனி.

போன செமஸ்டர் மெஸ் பில் நோ டியூஸ் (பாக்கி இல்லைங்கற சீட்டு). பாக்கி பத்து ரூபா இருந்தாலும் சிஸ்டம் விடாது.

அப்பா இல்ல அம்மா கையெழுத்து போட்ட கன்சென்ட் லெட்டர், அவங்க ஆதார் ஜெராக்ஸ், அவங்க போன் நம்பர். பொண்ணுங்களுக்கு இதுல ரொம்பக் கறாரா இருப்பாங்க. கையெழுத்து வாங்கறதுக்குன்னே ஊருக்கு ஒரு நடை போய் வரணும்னு வெச்சுக்காதீங்க, பரீட்சைக்கு நடுவுல லீவுக்குப் போறப்பவே ரெண்டு வெள்ளை பேப்பர்ல தேதி போடாம கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க, மேட்டரை அப்புறம் எழுதிக்கலாம். வீட்ல விஷயத்தைச் சொல்லிட்டு வாங்குங்க, அது வேற.

ஐடி கார்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு, பழைய காஷன் டெபாசிட் (சேர்றப்ப கட்டின முன்பணம்) ரசீது. காஷன் டெபாசிட்டைத் திரும்பக் கட்டச் சொன்னா 'ஏற்கெனவே கட்டியிருக்கேன்'னு இந்த ரசீதைக் காட்டுங்க.

அரசு விடுதில தங்கிப் படிக்கறவங்களுக்கு, அதாவது 2025ல சமூகநீதி விடுதின்னு பேர் மாத்தின பி.சி., எம்.பி.சி., ஆதிதிராவிடர் நல விடுதில டவுன்ல இருந்து வந்து போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த விடுதிகளை எல்லாம் கோடை லீவுல மூடிடுவாங்க, உங்க காலேஜ்ல சம்மர் டெர்ம் நடக்குதுங்கறது அவங்களுக்கு ஒரு காரணமே இல்ல. நீங்க காலேஜ் ஹாஸ்டல்ல தற்காலிகமா இடம் கேக்கணும், அதுக்கு விடுதிக் காப்பாளர் கிட்ட 'இந்தத் தேதில இருந்து விடுதி மூடப்படும்'னு ஒரு லெட்டர் வாங்கிட்டுப் போய்க் குடுத்தா வேலை சுலபமா முடியும். வெளிய பி.ஜி. ரூம் பார்க்கறவங்க கிருஷ்ணகிரியில ராயக்கோட்டை ரோடு, பெங்களூரு ரோடு பக்கம்லாம் சுத்துவீங்க, ஆறு வாரத்துக்கு யாரும் ரூம் தர மாட்டாங்க, ரெண்டு மாச அட்வான்ஸ் கேப்பாங்க. அதுக்கு ஊர்ல இருந்தே பஸ்ல வந்து போறது மேல்.

ரூம் அலாட் பண்றப்ப வாய் திறந்து கேளுங்க. மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற ஃப்ளோர் வேண்டாம். பகல் முழுக்க வாங்கின வெயிலை கான்கிரீட் ராத்திரி தான் இறக்கும், ஃபேன் போட்டா அனல் காத்து தான் வரும். கிரவுண்ட் ஃப்ளோர், இல்லைன்னா முதல் மாடி, மேற்குப் பக்கம் ஜன்னல் இல்லாத ரூமா கேளுங்க. முதல்ல வந்தவங்களுக்கு இந்த சாய்ஸ் இருக்கும், ரெண்டாவது நாள் வந்தா குடுத்ததை வாங்கிக்க வேண்டியது தான். ஓசூர்ல படிக்கறவங்க இந்தப் பேராவைத் தாண்டிடலாம், உங்க ஊரு குளு குளுன்னு இருக்கும், எங்களுக்கும் தர்மபுரிக்காரங்களுக்கும் தான் இந்தப் பாடு.

5. பணம் எங்கெங்க போகும்

நாலு தலைப்பு: கோர்ஸ் ஃபீஸ் (கிரெடிட் கணக்குலயோ பேப்பர் கணக்குலயோ போடுவாங்க), பரீட்சை ஃபீஸ், ரூம் வாடகை, மெஸ் அட்வான்ஸ். பரீட்சை ஃபீஸ் கோர்ஸ் ஃபீஸோட சேர்ந்ததுன்னு நெனச்சு விட்டுடறவங்க உண்டு. பாதி காலேஜ்ல அது தனி, கடைசித் தேதியும் தனி, தாண்டினா ஃபைன்.

இதுல எதிர்பாராம அடிக்கறது மெஸ் பில். டிவைடிங் சிஸ்டம் இருக்கற ஹாஸ்டல்ல மொத்த செலவைத் தலைக்கு இவ்வளவுன்னு பிரிப்பாங்க இல்லையா, அரிசி பருப்பு ஆள் கணக்குக்குக் குறையும், ஆனா சமையல் ஆளுங்க சம்பளம் குறையாது. உதாரணத்துக்கு சம்பளம் மாசம் 60,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 300 பேர் சாப்பிடறப்ப தலைக்கு 200 ரூபாய். சம்மர்ல 60 பேர் தான் இருக்காங்கன்னா அதே சம்பளம் தலைக்கு 1,000 ரூபாய். சாப்பாடு மோசமாகி பில் மட்டும் ஏறுதேன்னு அங்க நின்னு சண்டை போடறதுல பிரயோஜனம் இல்ல, வீட்ல பணம் கேக்கறப்பவே வழக்கமா வர்ற பில்லை விடக் கொஞ்சம் சேர்த்தே கேட்டு வெச்சுக்கோங்க. சம்பளத்தைத் தனியா எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ்னு வாங்கற ஹாஸ்டல்னா இந்த அடி இருக்காது. எந்த முறைன்னு மெஸ் செக்ரட்டரி கிட்ட ஒரு வார்த்தை கேட்டா தெரிஞ்சுடும்.

மெஸ் ரிடக்‌ஷன் விதியையும் பார்த்துக்கோங்க. தொடர்ந்து இத்தனை நாள் இல்லைன்னா தான் கழிப்போம், முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கணும்னு இருக்கும். வாரா வாரம் சனி, ஞாயிறு ஊருக்குப் போறவங்களுக்கு ஒரு பைசா கழியாது.

ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை, ஸ்காலர்ஷிப் எல்லாம் ரெகுலர் வருஷ ஃபீஸுக்கு வர்றது, சம்மர் டெர்ம் ஃபீஸ்ல அதைக் கழிப்பாங்கன்னு எதிர்பார்த்து கையை வீசிட்டு வராதீங்க, எங்க காலேஜ்ல முழுசும் கைக்காசு தான். அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீட்ல வந்தவங்க ஆபீஸ்ல எழுத்துல கேட்டுடுங்க. எஜுகேஷன் லோன் இருக்கறவங்க பேங்க்ல கேட்டுப் பார்க்கலாம், போனஃபைட் சர்ட்டிபிகேட்டும் ஃபீஸ் விவரம் போட்ட லெட்டரும் கேப்பாங்க, மேனேஜர் ஒத்துக்கிட்டாலும் பணம் வர நாளாகும், அதுக்குள்ள கடைசித் தேதி போயிடும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வர்றவங்க அதை மெஸ் பில்லுக்கு மட்டும்னு ஒதுக்கி வெச்சா கொஞ்சம் தாங்கும்.

எஸ்.பி.ஐ. கலெக்ட்ல (பேங்க்கோட ஆன்லைன் ஃபீஸ் தளம்) கட்டறவங்க சரியான தலைப்பைத் தேர்ந்தெடுத்தீங்களான்னு ரெண்டு தடவை பாருங்க. 'எக்ஸாம் ஃபீஸ்' தலைப்புல 'சம்மர் கோர்ஸ் ஃபீஸ்' கட்டிட்டா பணம் காலேஜுக்குத் தான் போயிருக்கும், ஆனா உங்க பேர் லிஸ்ட்ல வராது, அதை மாத்தறதுக்கு ஒரு லெட்டர், ரெண்டு ஆபீஸ், மூணு கையெழுத்து. பணம் போய் ரசீது வராம நின்னுடுச்சுன்னா உடனே ரெண்டாவது தடவை கட்டாதீங்க, ரெஃபரன்ஸ் நம்பரை வெச்சு ஸ்டேட்டஸ் பார்த்துட்டு அப்புறம் கட்டுங்க.

6. தண்ணி

சாமான் லிஸ்ட் எல்லாம் சொல்லப் போறதில்ல, ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்குத் தெரியும். ஆனா தண்ணியைப் பத்திச் சொல்லியே ஆகணும்.

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடி நீர்ல ஃபுளூரைடு அதிகம். பல்லு பழுப்பேறி இருக்கறவங்களை நம்ம ஊர்கள்ல பார்த்திருப்பீங்க. அதுக்காகத் தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013ல வந்தது. கோடையில என்ன ஆகும்னா காவிரித் தண்ணி வர்றது குறைஞ்சா டேங்க்ல போர் தண்ணியை ஏத்துவாங்க. குழாய்ல வர்றது எந்தத் தண்ணின்னு உங்களுக்குத் தெரியாது. அதனால குடிக்கறதுக்கு ஆர்.ஓ. பிளான்ட் தண்ணி மட்டும். 'கொதிக்க வெச்சுக் குடிச்சா சரியாயிடும்'னு ஒரு நம்பிக்கை இருக்கு, கொதிக்க வெச்சா கிருமி தான் சாகும், ஃபுளூரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அளவு கூடத் தான் செய்யும்.

சம்மர்ல ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர் ஆனா சரி பண்ண ஆள் வர லேட்டாகும், ஆள் கம்மியா இருக்கறதால யாரும் அவசரப்பட மாட்டாங்க. ரெண்டு லிட்டர் பாட்டில் குறைஞ்சது ரெண்டு வெச்சுக்கோங்க, சாயங்காலமே பிடிச்சு வெச்சுடுங்க. குளிக்கறதுக்கு ஒரு மூடி போட்ட பக்கெட், இதுவும் ராத்திரியே பிடிச்சு வெக்கணும். கோடை மழை காத்தோட வந்தா கரண்ட் போகும், கரண்ட் போனா மோட்டார் ஓடாது, காலையில எட்டு மணி கிளாசுக்குக் குளிக்காம தான் போகணும். அதே காரணத்துக்கு ஒரு சார்ஜ் லைட்டும் பவர் பேங்கும் வேணும். கெட்டில், இண்டக்‌ஷன் எல்லாம் கொண்டு வராதீங்க, சம்மர்ல வேலை இல்லாததால வார்டனுங்க ரெய்டை ஆசையா நடத்துவாங்க.

7. வர்றதும் போறதும்

கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, வெளியூர்ப் பசங்க டிக்கெட் தேடித் தேடிக் களைச்சுப் போவாங்க. தர்மபுரி, இல்லைன்னா ஓசூர் ஸ்டேஷன்ல இறங்கி பஸ் புடிக்கணும். திருப்பத்தூர், ஜோலார்பேட்டை பக்கம் இறங்கி வர்றதும் உண்டு.

பஸ்ல வர்றவங்க ஏறறதுக்கு முன்னாடியே கேளுங்க, டவுனுக்குள்ள போகுமா, பைபாஸ்ல இறக்கி விடுவாங்களான்னு. சேலம் – பெங்களூரு வண்டிங்க பல ஊருக்குள்ள வராம ஹைவேல போயிடும். ராத்திரி நேரம் பெட்டியோட மேம்பாலத்துக்குக் கீழ இறங்கி நிக்கறது, அதுவும் பொண்ணுங்க தனியா நிக்கறது, வேண்டாத வேலை. சேலம் பக்கம் இருந்து வர்றவங்க தொப்பூர் கணவாய்க்குன்னு ஒரு மணி நேரம் கூட வெச்சுக்கிட்டுக் கிளம்புங்க, அங்க ஒரு லாரி சாஞ்சா போதும், ரெண்டு பக்கமும் வண்டி நின்னுடும். முதல் நாள் ஹாஸ்டல் ஆபீஸ் நாலு மணிக்கெல்லாம் மூடிடும்னா மத்தியானத்துக்குள்ள போய்ச் சேர்ற மாதிரி பாருங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் பெங்களூர்ல வேலை பார்க்கற கூட்டம் மொத்தமும் இதே ரோட்ல தான் போகும் வரும், அதுல வைகாசி முகூர்த்தமும் சேர்ந்துட்டா படிக்கட்ல கூட இடம் இருக்காது. சனிக்கிழமை விடியக்காலை போய், திங்கக்கிழமை முதல் வண்டில வர்றது நிம்மதி, திங்கக்கிழமை முதல் பீரியட் உங்க பேப்பர் இல்லைன்னா மட்டும்.

பஸ் பாஸ் வெச்சிருக்கறவங்க அட்டையைத் திருப்பி எந்தத் தேதி வரைக்கும்னு பாருங்க. கல்வியாண்டு முடிஞ்சா பாஸும் முடிஞ்சுடும், சம்மர் டெர்முக்குன்னு தனியா யாரும் போட்டுத் தர மாட்டாங்க, கண்டக்டர் கிட்ட வாக்குவாதம் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. பொண்ணுங்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல விடியல் பயணம் எப்பவும் போல இலவசம் தான், அதனால பக்கத்து ஊர்ல வீடு இருக்கறவங்க ஹாஸ்டலே வேண்டாம்னு கூட முடிவு பண்ணலாம். டவுன் பஸ் டைமிங்கும் முதல் பீரியடும் ஒத்து வருதான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

8. சாப்பாடு

மெஸ் மெனு பாதியாக் குறையும், ஞாயித்துக்கிழமை ராத்திரி சில இடத்துல மூடிடுவாங்க. கேம்பஸ் கேன்டீனும் மூடியிருக்கும். வெளிய கம்மங்கூழ், ராகிக் கூழ் வண்டி நிக்கும், மத்தியான வெயிலுக்கு அதை விட நல்லது எதுவும் இல்ல, மோர் மிளகாய் கடிச்சுக்கிட்டு ஒரு சொம்பு குடிச்சா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அப்புறம் மாம்பழம். ஊரைச் சுத்தி மாந்தோப்பு, செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவான்னு ரோட்டோரம் குவிச்சு வெச்சிருப்பாங்க, ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு சம்மர்ல கிடைக்கற ஒரே சந்தோஷம் இது தான். கூடை கணக்குல வாங்கி ரூம்ல வெக்காதீங்க, எறும்பு வரும்.

9. அட்டெண்டென்ஸ், ஊர்ப் பண்டிகை

45 பீரியட்ல 75 சதவீதம்னா 34 பீரியட் உக்காந்தே ஆகணும். விடறதுக்கு 11 தான் இருக்கு. ரெகுலர் செமஸ்டர்ல ஒரு வாரம் லீவு போட்டா ஒரு பேப்பர்ல 3 பீரியட் போகும். இங்க ஒரு வாரம் போட்டா ஏழெட்டு போயிடும். ஒன்றரை வாரம் போனா 11ம் காலி, அதுக்கு மேல ஒரு தலைவலி வந்தாக்கூட லீவு போட முடியாது.

நம்ம ஊர்கள்ல மாரியம்மன் பண்டிகை, கூத்து, கல்யாணம், காதுகுத்து எல்லாம் இந்த சீசன்ல தான். வீட்ல கூப்பிடுவாங்க, 'ரெண்டே நாள் தானே, வந்துட்டுப் போ'ன்னு. அந்த ரெண்டு நாளோட பஸ் கிடைக்காம போற மூணாவது நாளையும் சேர்த்துக்கோங்க. பதிவு பண்றதுக்கு முன்னாடியே அம்மா கிட்ட தேதிகளைக் கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி, 11ல எத்தனை போகுதுன்னு கழிச்சுப் பாருங்க. சொந்த அக்கா கல்யாணம் அந்த ஆறு வாரத்துக்குள்ள வருதுன்னா, இந்த வருஷம் சம்மர் டெர்மை விட்டுடறது நல்லது.

உடம்பு சரியில்லைன்னா மெடிக்கல் சர்ட்டிபிகேட் வெச்சு 65 சதவீதத்துக்கு மேல இருந்தா கண்டோன் பண்றது (குறையை மன்னிச்சு பரீட்சை எழுத விடறது) ரெகுலர் செமஸ்டர்ல உண்டு. சம்மர்ல அதைத் தர மாட்டோம்னு சில காலேஜ் சர்க்குலர்லயே போட்டிருப்பாங்க, கடைசி பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும், தேடிப் படிங்க. ரீடூ பண்ண வந்த பேப்பர்லயே மறுபடி எஸ்.ஏ. வாங்கறதை விடக் கேவலம் வேற இல்ல. வாரா வாரம் வெள்ளிக்கிழமை போர்ட்டல்ல உங்க அட்டெண்டென்ஸைப் பாருங்க, தப்பா போட்டிருந்தா அந்த வாரமே சொல்லுங்க. பாடம் எடுக்க கெஸ்ட் லெக்சரர் வந்திருந்தா டெர்ம் முடிஞ்சப்புறம் அவர் எங்க இருப்பாருன்னே தெரியாது, திருத்தறதுக்கு ஆள் கிடைக்காது.

ஹாஸ்டல்ல அவுட் பாஸும் கறாரா இருக்கும். ஹோம் பாஸுக்கு வார்டன் மேடம் வீட்டுக்குப் போன் பண்ணித் தான் விடுவாங்க, அந்த நேரம் அப்பா போனை வீட்ல வெச்சுட்டு கொல்லைக்குப் போயிருந்தாருன்னா அன்னிக்கு பஸ் போச்சு. ரெண்டு நம்பர் குடுத்து வெச்சுக்கோங்க.

10. முடிச்சுட்டுக் கிளம்பறப்ப

கடைசி பரீட்சை அன்னைக்கு மத்தியானமே ஓடிடாதீங்க. ரூம் சாவியைக் குடுத்து ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்குங்க, ஃபேன், ட்யூப் லைட், கட்டில் எல்லாம் சரியா இருக்குன்னு எழுதச் சொல்லுங்க, இல்லைன்னா அடுத்த செமஸ்டர்ல 'டேமேஜ் சார்ஜ்'னு ஒண்ணு முளைக்கும். மெஸ் அட்வான்ஸ்ல மிச்சம் இருந்தா திரும்ப வருமா, அடுத்த செமஸ்டர் பில்லுல கழியுமான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

ரிசல்ட் வந்ததும் பழைய 'எஸ்.ஏ' இடத்துல புது கிரேடு ஏறியிருக்கான்னு பாருங்க, சி.ஜி.பி.ஏ. மாறியிருக்கான்னும் பாருங்க. சில சமயம் சம்மர் கிரேடு தனி ஷீட்டா வந்துட்டு மெயின் ரெக்கார்டுல ஏறாம கிடக்கும், ப்ளேஸ்மென்ட் செல்லுல 'ஸ்டாண்டிங் அரியர் ஒண்ணு இருக்கே'ம்பாங்க. சி.ஓ.இ. ஆபீஸ்ல ஒரு லெட்டர், கூட சம்மர் கிரேடு ஷீட் ஜெராக்ஸ், ஃபீஸ் ரசீது ஜெராக்ஸ் வெச்சுக் குடுங்க, இன்வர்ட் சீல் (வாங்கிக்கிட்டதுக்கான முத்திரை) போட்ட காப்பி ஒண்ணை வாங்கிட்டு வாங்க. அடுத்த செமஸ்டர் கோர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கறதுக்கு முன்னாடி இதை முடிச்சுடணும், இல்லைன்னா பாஸ் ஆன பேப்பரையே சிஸ்டம் மறுபடி ரீடூ லிஸ்ட்ல காட்டும். அந்த ரசீதெல்லாம் டிகிரி சர்ட்டிபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் ஒரு கவர்ல போட்டு வெச்சிருங்க.